ஜைத்தூன் பீவியின் பாஸ்போர்ட் விசாரணை

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு பெண் காவலர் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் டேப்லெட். வாசலில் நின்றபடியே ஏழெட்டுக் கேள்வி கேட்டார், ஒரு படம் எடுத்தார், முடிந்தது. அண்டை வீட்டுச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய நானும் ஒரு காலத்தில் இந்த வேலை பார்த்தவன்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட, அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்பல்லாம் ஒரு விசாரணைக்கு எவ்வளவு நாளாகும் சார்?"

"நாலு நாள்ல முடிஞ்சதும் உண்டு. ஒண்ணு மட்டும் பதினோரு மாசம் ஆச்சு."

"பதினோரு மாசமா? அப்படி என்ன சார் கேஸு?"

சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அடுத்த தெருவில் இன்னும் மூன்று விசாரணை பாக்கி. பாதியில் எழுந்து போக வேண்டியதாயிற்று. முழுவதையும் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சமஸ்தானப் போலீசில் நான் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை தனி ராஜ்யமாக இருந்த நாங்கள் திருச்சி ஜில்லாவில் ஒரு டிவிஷன் ஆனோம். பழைய ஆட்களுக்கு மறுபடியும் பயிற்சி கொடுத்தார்கள். கவாத்து ஏற்கெனவே தெரியும், சட்டப் புத்தகம்தான் புதிது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக என்னை ஸ்பெஷல் பிராஞ்சில் போட்டார்கள். காக்கி இல்லாமல் வேட்டி சட்டையில் சைக்கிளில் சுற்றி, நாலு பேரிடம் விசாரித்து, ரிப்போர்ட் எழுதும் வேலை. சில வருஷத்தில் ஏட்டாக உயர்ந்தேன். பாஸ்போர்ட் விசாரணையெல்லாம் என் மேஜைக்கு வரத் தொடங்கியது.

அந்த நாளில் எங்கள் பக்கத்திலிருந்து கடல் தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குப் போகிறவர்கள். படிக்கப் போகிறவர் எப்போதாவது ஒருவர் வருவார். அவர்களிலும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளின் காகிதங்கள் மற்றவர்களுடையதைவிட மெதுவாகத்தான் நகரும். அப்படி ஓர் உத்தரவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

என் இன்ஸ்பெக்டர் தாமோதரம் வேலூர் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரிப்போர்ட்டை வாங்கினால் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, நாங்கள் எழுதியதை வாய்விட்டுப் படிப்பார். நாம் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது எங்கே பொய், எங்கே சோம்பல் என்பது அவர் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். என் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று பத்தி கோடு போட வைத்தவர் அவர்தான். பார்த்தது, கேட்டது, நினைத்தது. ரிப்போர்ட்டுக்கு முதல் இரண்டும் போதும். "மூணாவதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்யா" என்பார்.

அதை நான் சரியாகக் கற்றுக்கொண்டது கீரனூர் பக்கத்து ஊர் ஒன்றில். சேரியில் பிறந்த சவரிமுத்து என்ற மாணவர் பாதிரியார் ஆவதற்கான குருமட மேல்படிப்புக்காக ரோமுக்குப் போக விண்ணப்பித்திருந்தார். நான் ஊரின் பெரிய தெருவில் நாலு பேரை விசாரித்து, அவர்கள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, "மனுதாரரின் நடத்தை பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே நின்று அதைப் படித்தார்.

"ஊருன்னா யாரு?"

"பெரிய தெருவுல நாலு பேர்ங்க."

"மனுதாரர் வீடு எங்க இருக்கு?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்ங்க."

"நீ வாய்க்காலைத் தாண்டினியா?"

"இல்லைங்க."

"கடலைத் தாண்டப் போறவனைப் பத்தி விசாரிக்கப் போயிருக்க. வாய்க்காலைக்கூடத் தாண்டாம வந்திருக்க."

நான் கொடும்பாளூர் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டிலும் யாரும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததில்லை. மறுநாள் காலையில் போனேன். சவரிமுத்துவின் அம்மா பாய் எடுத்துப் போட்டுவிட்டு, நான் உட்காருவேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். உட்கார்ந்தேன். விசாரித்ததில், பெரிய தெருவில் செருப்பைக் கழற்றாமல் நடந்தார் என்பதுதான் அந்த நாலு பேரின் அபிப்பிராயத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. செருப்பு என்றே எழுதினேன். சவரிமுத்து ரோமுக்குப் போனார்.

ஜைத்தூன் பீவியின் காகிதம் ஐம்பதுகளின் பின்பாதியில் வந்தது. புதுக்கோட்டை டவுனில் ராவுத்தர் குடும்பம். அத்தா தோல் மண்டி வைத்திருந்தவர், இறந்து சில வருஷமாகியிருந்தது. வீட்டில் அம்மா சபுரா, அண்ணன் காதர், ஜைத்தூன் மூன்று பேர்தான். காதருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. முன் அறையில் தையல் மெஷின் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஜைத்தூனுக்கு இருபத்து நாலு வயது. பி.ஏ. முடித்துவிட்டு டவுனிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுக்கும் படிப்பு இங்கிலாந்தில் இருக்கிறது என்று தெரிந்து, தானே எழுதிப் போட்டு, இடமும் உதவித்தொகையும் வாங்கிவிட்டார்.

வெளிநாட்டில் உறவினர் உண்டா என்ற கேள்விக்கு அவர் மறைக்காமல் பதில் எழுதியிருந்தார். "தந்தையின் தம்பி பிரிவினைக்குப் பிறகு கராச்சியில் இருக்கிறார். கடிதத் தொடர்பு இல்லை."

விண்ணப்பம் வந்த பத்தாம் நாள், மேலிடத்திலிருந்து ஒரு மொட்டை மனு எங்களுக்கு அனுப்பப்பட்டது. விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்று மேலே குறிப்பு. மனுவில் இருந்தது இதுதான்: ஜைத்தூன் பீவி இங்கிலாந்துக்குப் போகவில்லை. பம்பாயில் ஏறும் கப்பல் கராச்சியில் நிற்கும்போது இறங்கி, சாச்சா, அதாவது சித்தப்பா மகனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கப் போகிறாள். கல்யாணப் பேச்சு கடிதத்திலேயே நடக்கிறது. கடைசிக் கடிதம் பக்ரீத்துக்கு மறுநாள் வந்தது.

நான் போனபோது ஜைத்தூன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். சபுரா அம்மாள் உள்கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். காதர் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கராச்சியிலருந்து கடுதாசி வருதாம்மா?"

"இல்லைங்க ஏட்டையா. அவுக போயி வருசம் பத்தாச்சு. இருக்காகளா இல்லையான்னே தெரியலை."

"ஒண்ணுகூட வந்ததில்லையா?"

"இல்லைங்க."

அதை எழுதி, கதவு வழியாக நீட்டி, கைநாட்டு வாங்கினேன். பிறகு மனுவின் நம்பரைக் குறித்துக்கொள்வதற்காக அது வந்த உறையைப் பையிலிருந்து எடுத்தேன். காதர் அந்த உறையைப் பார்த்தார். நான் கடிதம் தேடி வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார் போல. முகம் மலர எழுந்து உள்ளே போய், ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு கட்டுக் கடிதம். எல்லாவற்றிலும் பாகிஸ்தான் தபால் தலை.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அந்த அம்மா. 

காதருக்கு என் முகம் மாறியது தெரிந்துவிட்டது. கைகளால் ஏதோ சொன்னார். கடிதத்தைத் தொட்டார். தோளிலிருந்து இடுப்பு வரை பின்னல் தொங்குவது மாதிரி கையை இறக்கிக் காட்டினார். பிறகு உள்ளங்கையால் தன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். இரண்டு தடவை இதையே செய்தார். எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கண்டபடியே எழுதிக்கொண்டு, கடிதங்களுக்கு ரசீது கொடுத்துவிட்டு வந்தேன்.

சைக்கிளை மிதிக்கும்போது மனசு கனத்தது. தாய் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. மகள் விண்ணப்பத்தில் எழுதியதும் பொய் என்று ஆகும். பாஸ்போர்ட் வராது என்பது ஒருபுறம். பொய்த் தகவல் கொடுத்தவர் என்று பள்ளிக்கூட வேலைக்கும் ஆபத்து வரும். டப்பாவைப் பார்க்காதவன் மாதிரி வந்திருக்கலாமோ என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்ததையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

அவர் குறிப்பேட்டை வாங்கி ஜன்னலருகே போனார். வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். "காதர் பின்னல் போலக் காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்." அந்த வரியில் நின்றுவிட்டார்.

"அந்த வீட்டுல பின்னல் போட்ட பொண்ணு யாருய்யா?"

"ஜைத்தூன் ஒருத்திதாங்க."

"தங்கச்சி இந்தக் கடுதாசியைப் பார்க்கலைன்னு சொல்லியிருக்கான். ரெண்டு தடவை சொல்லியிருக்கான். நீ எழுதிட்டு வந்திருக்க, படிக்கலை."

நான் போய் அந்த வரியை எட்டிப் பார்த்தேன்.

"பேச முடியாதவன் சைகையில சொன்னாலும் அது வாய்ச் சாட்சிதான். சட்டத்துல இருக்கு. அப்படியே ரிப்போர்ட்ல சேர்."

கடிதங்களைப் பிரித்தோம். இருவராலும் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எழுத்து அரபு, ஆனால் மொழி நம் தமிழ்தான். அந்த நாளில் ராவுத்தர் வீட்டுப் பெண்கள் பலருக்கு இந்த எழுத்துத்தான் தெரியும். சபுரா அம்மாள் தமிழில் கைநாட்டு, இதைச் சரளமாகப் படிப்பார். ஜைத்தூனையே படிக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். கீரனூரிலிருந்து, இந்தக் குடும்பத்தைத் தெரியாத ஓர் அரபுப் பாடசாலை ஆசிரியரை பஸ்ஸில் வரவழைத்தார். ஜைத்தூனையும் அவர் அம்மாவையும் வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் படிக்க வைத்தார்.

ஜைத்தூன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஆசிரியர் தேதி வரிசையில் படித்தார். நலம் விசாரிப்பு, அங்கே அரிசி கிடைக்காத குறை, இறந்துபோன அண்ணனை நினைத்து அழுத ஒரு பக்கம். நடுவில் இரண்டு கடிதத்தில், ஜைத்தூனைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார் சாச்சா. ஜைத்தூனின் கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. தன்னைக் கல்யாணம் கேட்டு வந்த கடிதத்தை அவர் முதன்முதலாகக் கேட்பது ஒரு போலீஸ் அறையில்.

கடைசிக் கடிதத்தில் அண்ணன் மனைவியை மச்சி என்று அழைத்து இப்படி எழுதியிருந்தார். "மச்சி, பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் எழுதிவிட்ட பிறகு நான் வற்புறுத்துவது முறையில்லை. பையனுக்கு இங்கேயே பேசி முடித்துவிட்டோம்."

மனு சொன்னதில் கடிதம் வந்ததும், அதில் கல்யாணம் கேட்டதும் மட்டும்தான் நிஜம். இன்ஸ்பெக்டர் மனுவை எடுத்து, ஜைத்தூனின் விளக்கத்துக்காக அதையும் வாய்விட்டுப் படித்தார். "கடைசிக் கடிதம் பக்ரீத்துக்கு மறுநாள் வந்தது" என்ற இடத்தில் ஜைத்தூன் ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு, எனக்கு இந்தக் கடிதங்கள் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்.

அவர்கள் போனதும் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கடுதாசி எந்த நாள்ல வந்தது, உள்ள கல்யாணப் பேச்சு இருக்கு, ரெண்டும் தெரிஞ்ச ஆளு யாரு?"

"தபால்காரருக்கு நாள் தெரியும்ங்க. உள்ள இருக்கறது தெரியாது."

"தங்கச்சி பார்க்கலை. அண்ணனுக்கு எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. கராச்சிக்கே அனுப்ப மாட்டேன்ன அம்மா, லண்டனுக்கு மட்டும் அனுப்பிருவாங்களா?" சற்றுப் பொறுத்துச் சொன்னார். "முதல் வாக்குமூலம் பொய்யின்னு ஆயிருச்சு. அதைக் கிழிக்காத. ரெண்டாவது ஒண்ணு வாங்கிட்டு வா. ரெண்டும் ஃபைல்ல இருக்கட்டும்."

மறுநாள் போனேன். காதர் மெஷினில் இருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாந்தேன் எழுதச் சொன்னேன் ஏட்டையா."

"யார்ட்டச் சொல்லி எழுதுனீங்க?"

"கோர்ட்டு வாசல்ல மனு எழுதுவாகள்ல, அவுககிட்ட. பாகிஸ்தான்னு ஒரு வார்த்தை இருந்தாப் போதும், பாஸ்போட்டு வராதுன்னாக."

"ஒங்க பொண்ணு வேலையும் போயிருக்கும்மா."

"அது எனக்குத் தெரியாதுங்க. போகாம இருந்தாப் போதும்னுதான் நெனச்சேன். நீங்க வாசல்ல வந்து நின்னதும் கையும் ஓடலை, காலும் ஓடலை. இல்லைன்னு சொல்லிப்புட்டேன்."

காதர் தைத்துக்கொண்டே இருந்தார். மெஷின் சத்தம் மட்டும்.

"இவனைப் பாருங்க. நான் அடுப்படியில விழுந்து கெடந்தாலும் இவன் தச்சுக்கிட்டேதான் இருப்பான். எனக்கு ஒரு ஆபத்துன்னா கூப்புட்டுக் கேக்கறதுக்கு அவ ஒருத்தி. அவளையும் சீமைக்கு அனுப்பிச்சுட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

"கடுதாசியை ஏன் மறைச்சீங்க?"

"அவளுக்குக் காட்டினா, அங்கிட்டாச்சும் போறேன்னு சொல்லிருவாளோன்னு பயம்." பிறகு கேட்டார். "இதையும் எழுதிக்கிறீகளா? அவகிட்டச் சொல்லிருவீகளா?"

கடிதம் வந்தது உண்மை, பயத்தில் மறைத்தேன், மகளுக்குத் தெரியாது என்பதை மட்டும் எழுதிக் கைநாட்டு வாங்கினேன். மனு விஷயத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் நேரில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"மனுவைப் போட்டது யாருன்னு மேல கேட்டிருக்காங்களா?"

"இல்லைங்க. மனுவில சொன்னது நிஜமான்னுதான் கேட்டிருக்காங்க."

"கேட்டதுக்குப் பதில் எழுது."

ஒரு சொல் விட்டுப்போனால் என்னைத் திரும்பச் சைக்கிள் மிதிக்க வைத்த மனிதர் அன்று ஓர் ஆளையே விட்டுவிட்டார். அது சரியா என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

அறிக்கை ஏழு பக்கம். மேலிடத்திலிருந்து இரண்டு தடவை கேள்வியோடு திரும்பி வந்தது. ஒரு கேள்வி, விண்ணப்பதாரர் இருபத்து நாலு வயது வரை திருமணமாகாமல் இருப்பதற்குக் காரணம் என்ன என்பது. "காரணம் விசாரிக்கப்படவில்லை" என்று இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே எழுதினார். இதற்குள் இங்கிலாந்தில் அந்த வருஷ வகுப்பு தொடங்கிவிட்டது. ஜைத்தூன் எழுதிக் கேட்டு, இடத்தை அடுத்த வருஷத்துக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசித் தடவை பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"அந்த மனுவை எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"பேரில்லாத மனும்மா. அப்படியே ஃபைல்ல போயிருச்சு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது சார். வாரேன்" என்று கிளம்பினார்.

பதினோராம் மாதம் பாஸ்போர்ட் வந்தது. அவர் போன ரயிலை நான் பார்க்கவில்லை. காதரும் அம்மாவும் திருச்சி வரை போய்விட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஒன்றரை வருஷம் இருக்கும். இன்ஸ்பெக்டர் தாமோதரம் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு நாள் பிற்பகல் காதர் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மண். யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த முகமாக என்னைத் தேடி வந்திருக்கிறார். தலையில் முக்காடு போடுவது மாதிரி காட்டினார். பிறகு கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தார். மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு அப்போது உடனே புரிந்தது.

பள்ளிவாசல் ஆட்களிடம் பிறகு விசாரித்தேன். முந்தின நாள் சபுரா அம்மாள் அடுப்படியில் விழுந்திருக்கிறார். காதர் முன் அறையில் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானச் சோறு வரவில்லையே என்று உள்ளே போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காலையில் அடக்கம் செய்துவிட்டு, அந்தக் கையோடு என்னிடம் வந்திருக்கிறார்.

பின்னலைக் காட்டினார். எழுதுவது மாதிரி காட்டினார். தங்கைக்குச் சொல்ல வேண்டும். ஃபைலிலிருந்து இங்கிலாந்து விலாசத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தந்தி ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். ஃபாரத்தில் இங்கிலீஷில் எழுதினேன். "அம்மா இறந்துவிட்டார். அடக்கம் முடிந்தது. காதர் நலம்." பேனாவை எடுக்காமல் இன்னும் ஒரு வரி சேர்த்தேன். "படிப்பை முடித்துவிட்டு வா."

அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கப்பல் வந்து சேர மூன்று வாரம் ஆகும், வந்து பார்க்க மண்மேடுதான் இருக்கும், படிப்பு முடிய இன்னும் நாலு மாதம்தான் என்று எனக்குத் தோன்றியது, எழுதினேன். என் பணிக்காலத்தில் இன்னொருவர் பெயரில் நான் நினைத்ததை எழுதியது அது ஒன்றுதான். காதருக்கு எத்தனை வரி என்பதுகூடத் தெரியாது. கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

ஜைத்தூன் படிப்பை முடித்துக்கொண்டுதான் வந்தார். டவுனிலேயே ஒரு வாடகை வீட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பித்தார். அவரை நான் அடுத்த தடவை பார்த்தது அறுபதுகளின் நடுவில். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. ஹாலந்தில் மூன்று மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதுப்பிப்பதற்கான விசாரணைக் காகிதம் என் மேஜைக்கே வந்தது.

வகுப்பு நடக்கும் வீட்டுக்குப் போனேன். உள் அறையில் ஒரு சின்னப் பெண், அதிர்வு தெரிவதற்காக இன்னொரு டீச்சரின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். காதர் பின்கட்டில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஜைத்தூன் நாற்காலி போடச் சொன்னார். பாதிக் கேள்வி முடிந்திருக்கும்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த மனுவைப் போட்டது யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"இன்ஸ்பெக்டர் படிச்சாரே, பக்ரீத்துக்கு மறுநாள்னு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒங்ககிட்டக் கேட்டது, நீங்க அம்மா பேரை எழுதிட்டீங்களான்னு பார்க்கத்தான்."

"எழுதலைம்மா."

"தெரியும் சார். அதுக்கு ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "அம்மாகிட்ட நான் கேக்கவே இல்ல. ரயில் ஏறுற வரைக்கும் அவங்களும் சொல்லலை. அந்தத் தந்தியைப் பார்த்ததும்தான் மனசு ஆறுச்சு. படிப்பை முடிச்சுட்டு வான்னு அம்மா கடைசியில சொல்லியிருக்காங்க, அண்ணன் அதைச் சைகையில சொல்லி, நீங்க எழுதியிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மாதானே சார் சொன்னாங்க?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த அம்மா விழுந்த இடத்தில் பேச்சுக் கேட்க ஒருவரும் இல்லை என்பது இவருக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன். தெரிந்தும்தான் கேட்கிறார்.

"யாரும் சொல்லலைம்மா. நானா எழுதுனேன்."

உள்ளே அந்தச் சின்னப் பெண்ணின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.  ஜைத்தூன் எழுந்து பின்கட்டுக்குப் போய், காதரின் தோளைத் தொட்டார். என்னைக் காட்டி, எழுதுவது மாதிரி காட்டி, கைகளால் ஏதோ கேட்டார். காதர் மெஷினை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தங்கையின் பின்னலை மெல்ல இழுத்துவிட்டு, உள்ளங்கையை நிமிர்த்தி முன்னால் தள்ளினார். இரண்டு தடவை தள்ளினார். தலையையும் ஆட்டினார்.

ஜைத்தூன் திரும்பி வந்து உட்கார்ந்தார். கண் நனைந்திருந்தது.

"அண்ணன்தான் சொல்லுச்சாம் சார். அங்கேயே இரு, முடிச்சுட்டு வான்னு கையைத் தள்ளிக் காட்டுச்சாம். ஒங்களுக்கு விளங்கிருச்சுன்னு அது அப்பவே நெனச்சுச்சாம்."

அன்று தந்தி ஆபீசில் காதர் அப்படிக் காட்டினாரா என்று எனக்கு நினைவில்லை. நான் ஃபாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கையைப் பார்க்கவில்லை.

"அடுத்த கேள்வி என்ன சார்?" என்றார் ஜைத்தூன்.